ஸ்ட்ரட் மாற்றிய பிறகு வந்த சத்தமும் அதிர்வும்: ஒரு குறிப்பு

“புது ஷாக் போட்டா வண்டி மெத்தை மாதிரி போவும்னாங்க. இப்ப மாட்டு வண்டியே தேவலைன்னு இருக்கு.”

போன தை மாசம் மேல்சித்தாமூருக்குப் போயிருந்தபோது மாமா இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். அவரிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருக்கிறது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் எங்கே கூப்பிட்டாலும் போவார். நெல், மல்லாட்டை மூட்டைகளை செஞ்சி கமிட்டிக்கு ஏற்றிப்போவதுதான் முக்கிய வருமானம். மற்ற நாளில் செங்கல், மாட்டுத் தீவனம், வீடு காலி செய்யும் சாமான். வண்டியின் தவணை இன்னும் முடியவில்லை.

முன்பக்க ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் கசிந்ததால் திண்டிவனத்தில் தனக்குப் பதினைந்து வருஷமாகப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றியிருக்கிறார். இரண்டே நாளில் இரண்டு தொந்தரவு. வேகத்தடை இறங்கினால் முன்பக்கம் “டொக்”. ஜி.எஸ்.டி. ரோட்டில் அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுக்கம். போன் செய்து கேட்டதற்கு மெக்கானிக், “புதுசு இல்லையாண்ணே, ஓட ஓட செட் ஆயிடும்” என்றிருக்கிறார். வேறு கடையில் காட்டினால், “ஸ்டியரிங் ரேக்கே போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்” என்று ஒரு தொகை சொன்னார்களாம். இரண்டு மாசத் தவணைக்கு மேல் வரும். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் அந்த வாடகை வேறு ஆளுக்குப் போய்விடும். மாமா மெக்கானிக்குடன் பேச்சையே நிறுத்திவிட்டார்.

நானும் முதலில் ஒரு தப்பு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “டை ராட் எண்ட்தான் மாமா” என்று பெரிய நிபுணர் மாதிரி சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிப் போட வைத்தேன். காசு போனது. சத்தம் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து வந்தது.

முதலில், ஸ்ட்ரட் என்பது என்ன?

எங்கள் பக்கம் எல்லா மினி லாரிக்கும் ‘குட்டி யானை’ என்றுதான் பெயர். ஆனால் எல்லாவற்றின் முன்காலும் ஒன்றல்ல. 2005ல் வந்த டாடா ஏஸில் முன்பக்கம் ஒரே நீளமான அச்சு. அதை இரும்புப் பட்டையாலான லீஃப் ஸ்பிரிங் தாங்கும். ஷாக் அப்சர்பர் தனியாக இருக்கும். 2016ல் வந்த மாருதி சூப்பர் கேரியில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். பழைய ஆம்னி வேனின் முன்பக்கமும் இந்த ஸ்ட்ரட் வகைதான்.

ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கான காப்புரிமைக்கு 1947ல் விண்ணப்பித்தார். 1950ல் பிரிட்டன் ஃபோர்டு காட்டிய கான்சல், செஃபிர் கார்களில் இந்த அமைப்பு இருந்தது. அவர் யோசனை எளிமையானது. ஷாக் அப்சர்பரையே ஒரு காலாக ஆக்கிவிட்டார். அதன் மேல் சுருள் ஸ்பிரிங். அடிப்பகுதி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளில் இரண்டு போல்ட்டில் சேரும். தலைப்பகுதி, ரப்பர் மவுண்ட் ஒன்றின் வழியாக பாடியில் சேரும். நடுவில் ஒரு பேரிங். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட் முழுவதும் திரும்பும்.

சாதாரண ஷாக் அப்சர்பருக்கு ஒரே வேலை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. ஸ்ட்ரட்டுக்கு மூன்று வேலை: ஆட்டத்தை அடக்கணும், பாரத்தைத் தாங்கணும், சக்கரம் நிற்கும் கோணத்தையும் பிடித்து வைக்கணும். அதனால் ஸ்ட்ரட்டை மாற்றும்போது ஸ்பிரிங், மவுண்ட், பேரிங், நக்கிள் போல்ட், பிரேக் ஹோஸ், சக்கரம் எல்லாவற்றிலும் கை படுகிறது. மாற்றியது ஒரு சாமான். கழற்றி மாட்டியது பத்து. புதுச் சத்தத்தைப் பெரும்பாலும் அந்தப் பத்தில் தேடணும்.

“ஓட ஓட செட் ஆயிடும்” என்பது உண்மையா?

பாதி உண்மை. புது ஸ்பிரிங் மிகக் கொஞ்சம் தணியும். புது ரப்பர் கொஞ்சம் இளகும். இரட்டைக் குழாய் ஸ்ட்ரட்டை ரொம்ப நாள் படுக்க வைத்திருந்தால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். அதை நிமிர்த்தி நாலைந்து முறை முழுசாக அழுத்தி இழுக்காமல் மாட்டினால் முதலில் கொஞ்சம் ‘களக் களக்’ என்னும், பிறகு அடங்கும். வால்வு வழியாக எண்ணெய் போகும் ‘உஸ்’ சத்தமும் இயல்புதான்.

ஆனால் இரும்பும் இரும்பும் மோதும் ‘டொக்’ ஓட ஓட சரியாகாது. ஓட ஓட ஓட்டை பெரிசாகும். நூறு கிலோமீட்டர் ஓடியும் குறையாத சத்தத்துக்கு ‘செட் ஆகும்’ என்ற பதில் கிடையாது.

நோட்டில் இரண்டு பக்கம்

நான் செய்த முதல் உருப்படியான காரியம், சத்தத்துக்கு ஒரு பக்கம், அதிர்வுக்கு ஒரு பக்கம் என்று பிரித்ததுதான். இரண்டும் ஒரே நாளில் வந்ததால் ஒரே காரணம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ரேக்கை மாற்றச் சொன்ன கடைக்காரரும் அப்படி நினைத்துத்தான் இரண்டுக்கும் பொதுவான ஒரு பெரிய சாமானைக் காட்டியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ‘எப்போது?’ என்று மட்டும் எழுதினோம். மாமா ஓட்டினார், நான் எழுதினேன்.

சத்தம்: மெதுவாகப் போகும்போதும் வரும். பள்ளத்தில் இறங்கும்போது வரும். நேரான நல்ல ரோட்டில் எவ்வளவு வேகம் போனாலும் வராது. இடது பக்கம்.

அதிர்வு: 50க்குக் கீழே இல்லை. 60ஐத் தாண்டினால் வரும். பள்ளம் மேடு தேவையில்லை, வழவழப்பான ரோட்டில்தான் நன்றாகத் தெரியும்.

இந்த நாலு வரியை எழுதி முடித்ததும் விஷயம் பாதி தெளிந்துவிட்டது. ஒன்று ரோட்டின் மேடுபள்ளத்தைக் கேட்டு வருகிறது. இன்னொன்று வேகத்தைக் கேட்டு வருகிறது. மேடுபள்ளத்துக்கு வருவது, ஏதோ ஒன்று இடைவெளிவிட்டு மோதுவது. வேகத்துக்கு வருவது, சுற்றுகிற ஏதோ ஒன்று சரியில்லாதது. ஸ்ட்ரட் சுற்றுகிற பொருளே இல்லை.

சத்தத்தைப் பிடித்த விதம்

இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கிராமத்து ரோட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குட்டையாக, செங்குத்தாக இருக்கும். அதில் சக்கரம் ‘தொப்’பென்று கீழே விழும். அந்த விழும் நொடியில்தான் ஸ்ட்ரட்டின் ராடு பாடியைவிட்டுக் கீழே இழுக்கப்படுகிறது. அப்போது அதைப் பிடித்து நிறுத்துவது தலையில் இருக்கும் ஒரே ஒரு நட்டு.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் மூலையை மாமா அழுத்தி அழுத்தி விட்டார். நான் ஒரு கையை ஸ்ட்ரட்டின் தலையில் வைத்திருந்தேன். (சுருள் ஸ்பிரிங்கின் இடுக்கில் விரலை விடவே கூடாது.) அழுத்தும்போது சத்தமில்லை. விட்டு மேலே எழும்பும்போது, உள்ளங்கைக்குக் கீழே ‘டொக்’. வலது பக்கம் அதே மாதிரி செய்தால் ஒன்றுமில்லை.

நட்டைக் கையால் திருகினால் அசையவில்லை. அதனால்தான் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ராடின் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் போட்டால் ஒன்றரைச் சுற்று போனது! நடந்தது என்னவென்றால், காற்றுத் துப்பாக்கியால் முடுக்கியபோது நட்டோடு சேர்ந்து ராடும் சுற்றியிருக்கிறது. துப்பாக்கி ‘டர்ர்’ என்றதும் முடுகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நைலான் வளையத்தின் பிடி மட்டும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நட்டை முடுக்கலாம், கழற்றக் கூடாது. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸரால் அமுக்கிக் கட்டிய பிறகுதான் கழற்றணும். இல்லாவிட்டால் வண்டியின் ஒரு மூலையைத் தாங்கும் ஸ்பிரிங், மவுண்டோடு சேர்ந்து முகத்தில் பாயும். கயிறு, கம்பியெல்லாம் அதற்குப் போதாது.

மற்ற சத்தங்கள்

எங்கள் வண்டியில் இது. உங்கள் வண்டியில் வேறாக இருக்கலாம். ஸ்ட்ரட் மாற்றிய பிறகு வரக்கூடியவற்றை, எப்போது வருகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று வந்தால், ஸ்பிரிங் சுருண்டு திடீரென விடுபடுகிறது. தலை பேரிங் இறுகியிருக்கும், அல்லது தலைகீழாக மாட்டியிருப்பார்கள். ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள பள்ளத்தில் உட்காராவிட்டாலும் இப்படி வரும்.

மேடுபள்ளத்தில் ‘கீச் கீச்’ என்று ரப்பர் கத்தினால், லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். இந்த ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்வது. சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டை முடுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். கத்தும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் பாரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு.

லோடு ஏற்றினால் மட்டும் ‘தம்’ என்று அடித்தால், ராடில் இருக்கவேண்டிய பம்ப் ஸ்டாப் ரப்பரை மாற்றாமல் விட்டிருப்பார்கள். பழையது பெரும்பாலும் பொடியாகியிருக்கும்.

பிரேக் போடும்போது ஒரே ஒரு ‘டக்’, விட்டதும் இன்னொரு ‘டக்’ என்றால் உடனே நிறுத்திப் பாருங்கள். நக்கிள் போல்ட்டோ காலிப்பர் போல்ட்டோ தளர்ந்திருக்கலாம். கடகடவென்று தகரச் சத்தம் என்றால் பிரேக் ஹோஸ் கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. ‘சர் சர்’ என்று சக்கரத்தோடு சேர்ந்து உரசினால் டிஸ்க்கின் பின்னால் உள்ள தகரம் வளைந்து தொடுகிறது.

அதிர்வின் கணக்கு

இப்போது இரண்டாம் பக்கம். 65ல் போகும்போது மாமாவை கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் தணிந்தது, நடுக்கம் அப்படியே இருந்தது. ஆகவே எஞ்சினோ அதன் மவுண்டோ இல்லை. மெதுவாக பிரேக் தொட்டார். நடுக்கம் கூடவில்லை. ஆகவே டிஸ்க் இல்லை. பின்சக்கரத்தை ஓட்டும் நீள ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்தாலும் அதிர்வு வரும். அது பெரும்பாலும் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் மாறும், சீட்டிலும் தரையிலும் தெரியும். எங்களுக்குக் கையில் மட்டும் தெரிந்தது.

மிச்சம் இருந்தது முன்சக்கரம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளி, கோடு திரும்பத் தரையைத் தொடும்வரை அளந்தேன். ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் 75 சென்டிமீட்டர். மணிக்கு 63 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 17.5 மீட்டர். அதாவது நொடிக்குச் சரியாக 10 சுற்று. சக்கரம், நக்கிள், பிரேக் எல்லாம் சேர்ந்த கனம், டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் தானாகத் துள்ளும் வேகம் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயரம் ஏறுவது மாதிரி, இரண்டும் நெருங்கும் வேகத்தில்தான் நடுக்கம் தெரியும். அறுபதைத் தாண்டியதும் ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம்.

இதை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து இடது முன் டயரைப் பார்த்தார். பக்கவாட்டில் பழைய வெட்டு ஒன்று இருந்தது.

“ஏம்ப்பா, இந்த டயரு பின்னாடி இல்ல இருந்துச்சு?”

நாலு டயரும் ஒரே அளவு. மொத்தச் சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மாட்டும்போது பட்டறைப் பையன் பின்சக்கரத்தை முன்னால் போட்டிருக்கிறான். கழற்றிப் பார்த்தால் ரிம்மின் உள்பக்கம் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பேலன்ஸ் எடை ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது, எடை இல்லை. ஹப்போடு சேரும் முகத்திலும் துரு.

சேற்றைச் சுரண்டி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பேலன்ஸ் போடக் கொண்டுபோனோம். மெஷின் 40 கிராம் காட்டியது. நாற்பது கிராமா இவ்வளவு செய்யும் என்று மாமா நம்பவில்லை. கணக்கு இது: 13 அங்குல ரிம்மின் ஓரத்தில் 40 கிராம், நொடிக்கு 10 சுற்று சுற்றினால் வெளியே இழுக்கும் விசை சுமார் 2.7 கிலோ எடைக்குச் சமம். நொடிக்குப் பத்துத் தடவை அந்தச் சுத்தியல் அடிக்கிறது. பாதி வேகத்தில் இது நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை.

அதாவது இந்தக் கோளாறு புதிதே இல்லை. முன்பே பின்சக்கரத்தில் இருந்தது. அங்கே இருந்தவரை மூட்டைகள்தான் நடுங்கின. முன்னால் வந்ததும் மாமாவின் கை நடுங்கியது.

அலைன்மென்ட்டை விடக் கூடாது

ஸ்ட்ரட்டின் அடி போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் தளர்வு இருக்கும். அந்தத் தளர்வுக்குள் எங்கே முடுக்குகிறோமோ, சக்கரம் அந்தச் சாய்வில் நிற்கும். சாய்வு மாறினால் இரண்டு சக்கரமும் நேராகப் பார்ப்பதும் மாறும். இது சத்தமும் போடாது, அதிரவும் செய்யாது. டயரின் ஓரத்தை மட்டும் சத்தமில்லாமல் தின்னும். எங்கள் வண்டியில் இதோடு என் புண்ணியத்தில் டை ராட் எண்ட்டும் மாற்றியிருந்ததால் கோணம் இன்னும் கெட்டிருந்தது. கடைசியாக அலைன்மென்ட் செய்த பிறகுதான் ஸ்டியரிங் நேராக நின்றது.

வரிசையும் முக்கியம். முதலில் தளர்ந்ததை முடுக்கணும், பிறகு பேலன்ஸ், எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட். முதலிலேயே அலைன்மென்ட் செய்தால் அந்தக் காசு வீண். வீல் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போல, இரண்டு மூன்று சுற்றில் முடுக்கணும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை பார்க்கணும். எந்த நட்டுக்கு எவ்வளவு முடுக்கு என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இன்னொரு வண்டியின் அளவை இதற்குப் போடக் கூடாது.

எப்போது ஓட்டக் கூடாது?

லோடு வண்டிக்காரர்கள் ‘இந்த ஒரு நடை போயிட்டு வந்து பாத்துக்கலாம்’ என்பார்கள். மாமாவும் அப்படித்தான். ரப்பர் கத்துவதோடு ஒரு நடை போகலாம். ஆனால் பிரேக் போட்டால் ‘டக்’ என்பது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஸ்டியரிங்கில் திடீரென ஆட்டம் கூடுவது, பிரேக் ஹோஸ் டயரையோ ஸ்பிரிங்கையோ தொடுவது, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் மூட்டை ஏற்றக் கூடாது. ஸ்ட்ரட்டின் அடி போல்ட் இரண்டும்தான் சக்கரத்தை நிமிர்த்தி வைத்திருக்கின்றன.

கடைசியில்

மொத்தச் செலவு, நான் தண்டமாக வாங்க வைத்த டை ராட் எண்ட்டைத் தவிர்த்தால், பேலன்சும் அலைன்மென்ட்டும்தான். ரேக் நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் மாமாவை வற்புறுத்தி அந்த மெக்கானிக்கிடமே கூட்டிப்போனேன். தலை நட்டுக்குப் புதிதாக ஒன்று போட்டு முறையாக முடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நைலான் வளையம் உள்ள நட்டை ஒருமுறைக்கு மேல் நம்பக் கூடாது. முதலில் இருவரும் முகம் பார்க்கவில்லை. நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ராடு சுற்றிய இடத்தில் விரலை வைத்து, “துப்பாக்கியில முடுக்கினேண்ணே. கையால பாத்திருக்கணும். என் தப்புதான்” என்றார். சக்கரம் இடம் மாறியதைப் படித்ததும் உள்ளே திரும்பி, பையனிடம் ஒரு சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னார். அப்போது ஜாக்கியில் நின்றிருந்த வேறொரு வண்டியின் சக்கரங்களில் மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று அவரே எழுதினார்.

கூலி வாங்கவில்லை. மாமா டீ சொன்னார்.